ஐகானில் வந்த வலம்புரி

ஒரு படத்தை ஒருமுறை வரைந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், செல்போன் ஆப்புக்கு ஐகான் தயாரிக்கும் தொழிலுக்கு வரவேண்டாம். அதே படத்தை ஐபோனுக்கு ஒரு விதமாக, ஆண்ட்ராய்டுக்கு வேறு விதமாக, ஆப் இறக்குகிற பக்கத்துக்கு ஓர் அளவாக, மணி அடிக்கும்போது திரையின் மேல் ஓரத்தில் தெரிய இன்னோர் அளவாக வெட்டிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டு வாங்கியவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்; திட்டு எல்லாத் தொழிலுக்கும் பொதுதான்.

நான் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவன். காது போன பிறகு கடலை விட்டுவிட்டுச் சங்கு குளிப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். எழுத்துக் கூட்டக் கற்றது நோட்டீஸ் படித்து. பிறகு நோட்டீஸ் எழுதினேன், அதற்காக மூன்று முறை உள்ளே போய் வந்தேன். என்னோடு உள்ளே இருந்த இரண்டு பேர் இன்றைக்குக் கார் வைத்திருக்கிறார்கள். என்னிடம் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. அதை வரைந்தவனும் நான்தான். அதனால் சங்கத்துக்கு ஆப் வருகிறது என்றதும் படம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருந்தால் நான் எந்தப் போராட்டத்தையும் தொடங்கியிருக்க மாட்டேன்.

ஆப் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உறுப்பினர் லூர்து ஒருநாள் சங்கு எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது அவன் போன வள்ளமும் இல்லை, பக்கத்தில் நின்ற இன்னொரு வள்ளமும் இல்லை. பக்கத்து வள்ளத்தில் ஏறியிருப்பான் என்று இவன் வள்ளத்துக்காரர்கள் நினைத்தார்கள். சொந்த வள்ளத்துக்கே போயிருப்பான் என்று பக்கத்து வள்ளத்துக்காரர்கள் நினைத்தார்கள். ஒரு பகல் முழுக்க மிதவையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனை, அந்தப் பக்கம் தற்செயலாக வந்த வலைக்காரர்கள் தூக்கி வந்தார்கள். அதன் பிறகுதான் ஆப். அதில் இரண்டே பொத்தான். கடலுக்குப் புறப்படும்போது ‘போறேன்’. திரும்பியதும் ‘வந்துட்டேன்’. மாலை நாலு மணிவரை ‘வந்துட்டேன்’ விழாவிட்டால், அந்த ஆளின் பெயரோடு எல்லோர் போனிலும் மணி அடிக்கும். கரையில் நிற்கும் வள்ளங்கள் தேடப் புறப்பட வேண்டும். எல்லோரும் அழுத்தினால்தான் இது பலிக்கும். அழுத்த வேண்டுமென்றால் முதலில் ஆப் கண்ணில் பட வேண்டும். அங்கேதான் ஐகான் வருகிறது.

சங்கத்தின் சின்னம்

ஆப்பை எழுதியவர் ஜெபா. நாசரேத்தில் வாத்தியார் குடும்பத்துப் பெண். தூத்துக்குடியில் இரண்டு அறை பிடித்து இந்தத் தொழில் செய்கிறார். அவரிடம் எங்கள் கொடிச் சின்னத்தை அப்படியே கொடுத்தேன். அதில் ஒரு வள்ளம், அதன் மேல் சூரியன், கீழே சங்கு, ஒன்றையொன்று பிடித்த கைகள் இரண்டு, சுற்றிலும் கயிறு, கயிற்றுக்குள் சங்கத்தின் முழுப்பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. கொடியில் அது கம்பீரமாகப் பறந்த சின்னம். ஜெபா அதைப் போனில் ஏற்றி என்னிடம் நீட்டினார். கட்டை விரல் நகத்தளவு இடத்தில் செம்பழுப்பாக ஏதோ கிடந்தது.

நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கயிறு தெரிகிறது என்று வாதாடினேன். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லிப் பழகியவர்கள் தலைவர்களாகிப் போய்விட்டார்கள். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. அதனால் போனை லூர்துவிடம் கொடுத்து, இது என்ன சொல்லு பார்ப்போம் என்றேன். அவன் போனைத் தூரத்தில் பிடித்தான், கிட்டத்தில் பிடித்தான். பிறகு சொன்னான்: “அண்ணாச்சி, இது நம்ம சங்கமா, யாரும் வெத்தில துப்புன எடமா?”

நுனி

கமிட்டியில் ஒரு மாதம் சண்டை போட்டு ஒவ்வொன்றாக இறக்கினோம். முதலில் பதிவு எண் போயிற்று. பெயர் போயிற்று. கைகளை எடுக்கும்போது எனக்கு நெஞ்சு வலித்தது. கடைசியில் நீலத்தின் மேல் வெள்ளையாக ஒரு சங்கு மட்டும் மிஞ்சியது. நல்ல சங்கு. நானே வரைந்தேன், கட்டத்தின் மூலைக்கு மூலை நிறைத்து, நுனி ஒரு மூலையைத் தொட, வாய் எதிர் மூலையைத் தொட.

இனிச் சொல்லப்போவது உங்களில் பலர் பட்டதுதான். ஐபோனுக்கு முழுச் சதுரமாகக் கொடுக்க வேண்டும். மூலையை அதுவே மழித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் சங்கு ஒரு படம், அதன் பின்னால் இருக்கும் நீலம் தனிப் படம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, போன் செய்த கம்பெனி தன் இஷ்டத்துக்கு வெட்டும். ஒருவன் வட்டமாக, ஒருவன் சோப்புக்கட்டி மாதிரி, ஒருவன் நீர்த்துளி மாதிரி. எங்கள் பேனரைப் போலீஸ்காரர்கள் கிழித்த காலத்தில்கூட எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கிழித்தார்கள். உறுப்பினர்களின் ஐந்து போன்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நாலில் சங்கின் நுனி இல்லை. நுனி ஒடிந்த சங்கைத் தரம் பிரிக்கும்போது கழிவில் தள்ளுவார்கள் என்பது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நடுவில் ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள் இருப்பதை எவனும் வெட்ட மாட்டான் என்று ஜெபா காட்டிக்கொடுத்தார். சங்கைச் சுருக்கி அந்த வட்டத்துக்குள் வைத்தேன். ஆண்ட்ராய்டில் அளவாக வந்தது. அதையே ஐபோனுக்கும் கொடுத்துவிட்டேன். அங்கே யாரும் அவ்வளவு வெட்டுவதில்லை. நீலக் கட்டத்தின் நடுவில் சங்கு சுண்டிப்போய்க் கிடந்தது. எங்கள் உறுப்பினர்களில் ஐபோன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், எல்லோரும் வள்ளம் உள்ளவர்கள். அவர்களில் ஒருவர் காயல்பட்டினம் மைதீன் காக்கா; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். போன் துபாயில் இருக்கும் மருமகன் அனுப்பியது. அளவு குறைந்த சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மேடை போட்டு உறுப்பினர்களுக்கு விளக்கியவன் நான். மைதீன் காக்கா ஐகானை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “செயலாளரே, இது குஞ்சுச் சங்குல்லா? அதிகாரி கண்ணுல படுமுன்னே கடல்ல விட்டுருங்கோ.”

வெள்ளைக் கட்டம்

இரண்டு போனுக்கும் தனித்தனி அளவு செய்து முடித்து நிமிர்ந்தால், மணி அடிக்கும்போது திரையின் உச்சியில் தெரியும் குட்டிப் படம் பாக்கி. அதை வெறும் வெள்ளையில், பின்புறம் ஒன்றுமில்லாமல் கொடுக்க வேண்டும் என்று ஜெபா ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னார். வர்ணத்தை விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து ஏற்கெனவே எனக்கு அலுத்திருந்தது. நீலக் கட்டத்தோடு இருக்கும் படத்தையே கொடுத்து, போடும்மா, பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

சோதனை மணி அடித்த அன்றைக்குக் கடற்கரையில் முப்பது ஆண்ட்ராய்டு போன்கள் ஒன்றாக அலறின. சத்தம் பிரமாதம். ஆனால் முப்பதிலும் உச்சியில் சங்கு இல்லை. அந்தப் போன்கள் வர்ணத்தைப் பார்ப்பதில்லை. இடம் அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அடைத்த இடமெல்லாம் வெள்ளை பூசிவிடும். நான் கொடுத்தது முழுக்க அடைத்த கட்டம். வெள்ளையாக ஒரு சின்னச் சதுரம் முப்பது போனிலும் தெரிந்தது. லூர்து தன் போனை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான். “நாப்பது வருசமா எவங்கிட்டயும் காட்டாத வெள்ளைக் கொடிய ஒரே நாள்ல எல்லார் போன்லயும் ஏத்திட்டியளே அண்ணாச்சி.”

வலம்புரி

இப்போது என் பெரிய தப்பு. மறைக்கப்போவதில்லை.

படிக்காத செய்தி இருந்தால் ஐபோன் ஐகானின் வலது மேல் மூலையில் சிவப்புப் பொட்டில் ஓர் எண் விழும். அது சரியாகச் சங்கின் நுனிமேல் போய் உட்கார்ந்தது. நுனிக்காக இவ்வளவு பாடுபட்ட பிறகு அதை எண் மூடுவதா? சங்கை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிவிடு என்று ஜெபாவிடம் சொன்னேன். ஜெபா ஒரு பொத்தானைத் தட்டினார். கண்ணாடியில் தெரிவதுபோலப் படம் இடம் வலம் மாறி நின்றது. எண் மறைக்கவில்லையே என்று பார்த்தேன். ஓரம் சரியா என்று பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று அனுப்பச் சொல்லிவிட்டேன். கடலை விட்டுத் தள்ளிப் பனங்காட்டுப் பக்கத்தில் பிறந்த ஜெபாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் சங்கைக் கையில் பிடித்த நான் சங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன்.

சங்கைக் கண்ணாடியில் காட்டினால் தெரிவது வலம்புரி. நாங்கள் எடுப்பதெல்லாம் இடம்புரி. வலம்புரி அகப்பட்டால் அந்த ஆள் அதற்குப் பிறகு கடலில் முங்க வேண்டியதில்லை என்பார்கள். என் காலத்தில் எங்கள் கரையில் ஒருவனும் எடுத்ததில்லை. எடுத்தவனைப் பார்த்த ஆளைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த வலம்புரி வள்ளத்துக்காரர்களின் ஐபோனில் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டது. முங்குகிறவர்களின் ஆண்ட்ராய்டில் பழைய இடம்புரிதான்.

மறுநாள் காலை டீக்கடையில் இரண்டு வகைப் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் இரண்டையும் என் பக்கம் திருப்பி வைத்தார்கள். வாழ்நாளெல்லாம் முதலாளிக்கு ஒரு பங்கு, தொழிலாளிக்கு ஒரு பங்கா என்று கேட்டே தொண்டை கிழிந்தவன் நான். என்னிடமே அதைத் திருப்பிக் கேட்டவன் லூர்து, அதுவும் டீயை ஆற்றிக்கொண்டே: “எங்களுக்கு இடம்புரி, வள்ளக்காரங்களுக்கு வலம்புரி. இத எந்த மகாநாட்டுல தீர்மானம் போட்டிய அண்ணாச்சி?”

சிவப்பு

உடனே கமிட்டியைக் கூட்டினேன். இரண்டு வகைப் போனிலும் ஒரே சங்கு, அதுவும் நாம் எடுக்கிற சங்கு, இல்லாத அதிர்ஷ்டத்தைப் படம் போட்டு ஏமாற்றுகிற வேலை நமக்கு வேண்டாம் என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். கை தட்டினார்கள். அந்தச் சூட்டிலேயே, நீலம் யாருடைய நிறம், நம் கொடி சிவப்பல்லவா என்று ஒரு கேள்வியும் போட்டேன். சிவப்புக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. எனக்குக் கைகள் உயரும் கூட்டம் பிடிக்கும், பொய் சொல்லவில்லை.

ஜெபாவுக்கு அது பிடிக்கவில்லை. புதுப்பிப்பு போனால் எல்லோர் போனிலும் ஐகான் தானாக மாறிவிடும், யாரிடமும் சொல்லிக்கொள்ளாது என்றார். சொல்லாமல் மாறுவது நல்லதுதானே என்று கேட்டேன். அவர் வாத்தியார் வீட்டுப் பெண். குரல் உயர்த்தாமல்தான் பேசுவார். “சங்க மாத்துங்க அண்ணாச்சி, அது சரி. நெறத்தையும் சேத்து மாத்தாதிய, பாக்குறவங்களுக்குப் பிடிக்க ஒண்ணாவது மிஞ்சட்டும்.”

ரெஜினா

சிவப்பு ஐகானோடு புதுப்பிப்பு போன மூன்றாம் நாள் நாலு மணிக்கு என் போன் அலறியது. எல்லோர் போனும் அலறியது. திரையில் லூர்துவின் பெயர்.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. மைதீன் காக்காவின் வள்ளம் முதலில் புறப்பட்டது, பின்னாலேயே இன்னும் இரண்டு. லூர்துவின் வீட்டுக்குச் சேதி சொல்லப் போக வேண்டும். அந்த வேலையை நான் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. இதற்கு முன்பும் சில வீடுகளுக்கு இப்படி நடந்திருக்கிறேன். என்ன வார்த்தையில் தொடங்குவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவன் லூர்து. கையில் மீன் குழம்பு. இரண்டு மணிக்கே வந்துவிட்டானாம். அவன் மனைவி ரெஜினா உள்ளே தரையில் உட்கார்ந்து, போனைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாள். புதுப்பிப்பு அவள் போனுக்கு அன்று மத்தியானம்தான் வந்திருக்கிறது; காலையில் ‘போறேன்’ அழுத்திய நீலத்தைக் காணவில்லை. பஸ் டிக்கெட் ஆப் சிவப்பு, பாட்டு கேட்கிற ஆப் சிவப்பு, சாமான் வாங்குகிற ஆப் சிவப்பு. அந்தச் சிவப்புக் கும்பலுக்குள் எங்கள் சங்கம் காணாமல் போயிருந்தது. மணி அடித்தபோதும் அவளுக்குக் காட்டியது, கட்டத்தை எடுத்துவிட்டு நான் திருத்திக் கொடுத்த வெள்ளைக் குட்டிச் சங்கு. அதை எங்கே தொடுவது என்று தெரிவதற்குள் மறைந்துவிட்டது.

முங்குகிறவன் போனைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் போன் செத்துவிடும். வள்ளத்துக்கு ஒரு போன் பிளாஸ்டிக் உறையில் போகும். கொஞ்ச தூரம் தாண்டினால் அதற்கும் சிக்னல் இல்லை. ஆளின் போன் வீட்டில், மனைவி கையில். ‘போறேன்’ என்று அழுத்துவது அவள், ‘வந்துட்டேன்’ என்று அழுத்துவதும் அவள். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்துகொண்டே ஒரு மாதம் ஆண்களை வைத்துச் சண்டை போட்டிருக்கிறேன். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். ரெஜினா போனை என் கையில் வைத்தாள். “கடலுக்குப் போறவங்களக் கூட்டிக் கை தூக்கினிய. போன் எங்க கையில கெடக்கு அண்ணாச்சி. ‘நீ எந்தப் படத்தத் தேடுத’ன்னு எங்கிட்ட ஒருநாள் கேட்டியளா?”

உயர்ந்த கைகள்

வெறும் கையோடு திரும்பிய மைதீன் காக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அடுத்த முறை மணி அடித்தால் முதலில் அந்த ஆள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எஞ்சினைத் தொடுவேன் என்று அமைதியாகச் சொன்னார். மற்ற வள்ளக்காரர்கள் அந்த அளவுகூடச் சொல்லவில்லை. மணியே வேண்டாம் என்றார்கள். பொய் மணி இன்னொன்று அடித்தால் அதற்கடுத்த மெய் மணிக்கு யாரும் அசைய மாட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்கக் கட்டடத்தில் பெண்களைக் கூட்டினோம். அந்தக் கட்டடத்தில் அதுவரை பெண்கள் வந்து உட்கார்ந்தது உண்ணாவிரதத்துக்கு மட்டும்தான். ஐந்து மாதிரி வரைந்து, பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். ரெஜினா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் போனில் மற்ற படங்களோடு போட்டுக் காட்டுங்கள் என்றாள். ஜெபா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே செய்தார். போன் போனாகக் கை மாறியது. பழைய நீலமே வேண்டும் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அதில் விவாதமே இல்லை.

சங்குக்கு வந்தபோதுதான் எனக்குச் சோதனை. இடம்புரிதான் உண்மை, நாம் எடுப்பது அதைத்தான் என்று மறுபடியும் பேசினேன். இந்தத் தடவை கை தட்டல் இல்லை. சங்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் தேடுவதற்கு ஒன்றுதான் என்றார்கள். ஆனால் இரண்டில் ஒன்று என்றால் வலம்புரிக்கு என்று கைகள் உயர்ந்தன, எண்ணத் தேவையில்லாத அளவுக்கு. நான் கைகளுக்குக் கட்டுப்பட்டவன். ஏன் என்று மட்டும் கேட்டேன். ரெஜினா சொன்னாள்: “வலம்புரி வீட்டுல இருந்தா நல்லதும்பாவ. இவுக எடுத்துட்டு வரப்போறதில்ல. போன்லயாவது இருக்கட்டும் அண்ணாச்சி.”

நாலு மணி

வலம்புரி இரண்டு வகைப் போனிலும் ஒரே நாளில் தெரியும்படி ஜெபா பார்த்துக்கொண்டார். ஆப் இறக்குகிற கடைகளில் ஒன்றில் சீக்கிரம் அனுமதி கிடைத்தது, இன்னொன்றில் தாமதம். இரண்டும் வந்த பிறகே வெளியே விட்டார். அந்த வாரம் முழுக்க நாலு மணிக்கு முன்பே எல்லா ‘வந்துட்டேன்’களும் விழுந்தன. அடுத்த வாரமும் அப்படியே.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. ஒரு பெயர் இல்லை, ஐந்து பெயர். ஒரே வள்ளத்தில் போனவர்கள். அதில் லூர்துவும் உண்டு. நான் கடற்கரைக்கு ஓடியபோது மைதீன் காக்கா வள்ளத்தின் பக்கத்தில் நின்று, சொன்னபடியே லூர்து வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ரெஜினா என்ன சொன்னாள் என்று அவர் பிறகு சொல்லித்தான் தெரியும். “வரல காக்கா. வந்திருந்தா அழுத்தியிருப்பேன்.” அவ்வளவுதான். அவர் போனை மடியில் செருகிவிட்டு எஞ்சினைத் தட்டினார். மணியே வேண்டாம் என்றவர்களும் அவருக்குப் பின்னால் வள்ளத்தைத் தள்ளினார்கள்.

எஞ்சின் நின்றுபோய் நீரோட்டத்தில் தெற்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது அந்த வள்ளம். வெளிச்சம் இருக்கும்போதே கண்டுபிடித்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஐந்து பேரும் இறங்கினார்கள். ரெஜினா கரையிலேயே நின்று நீலத்தைத் தொட்டு ‘வந்துட்டேன்’ அழுத்தினாள். அவள் விரல் ஒரு கணம்கூடத் தேடவில்லை, அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். லூர்து மிதவையோடு கிடந்த அந்தப் பகலைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை. அவனே என் பக்கத்தில் வந்து நின்று தலையைத் துவட்டிக்கொண்டு சொன்னான்: “இந்தத் தடவ பசிக்கக்கூட நேரம் கெடைக்கல அண்ணாச்சி.”

ஆக, எல்லோருக்கும் சமமாகப் பங்கு வேண்டும் என்று நாற்பது வருஷம் போராடிய நான், ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கிக் கொடுத்தது, எங்கள் கரையில் எவனும் எடுத்தறியாத வலம்புரி ஒன்றைத்தான், அதுவும் கட்டை விரல் நகத்தளவில்.